தரையில் உட்கார்ந்து எழ மறந்த உடம்பு திரும்பப் பழகுமா?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன்; தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். உங்களுக்கு வயது 41. பதினாறு வருடமாகக் கம்ப்யூட்டர் முன்னால் வேலை. போன மாதம் ஒரு கிரகப்பிரவேசத்தில் ஜமுக்காளம் விரித்துப் பந்தி போட்டார்கள். சம்மணம் போட்டு உட்கார்ந்தீர்கள். சாம்பார் வரும்போதே முட்டி இரண்டும் நெஞ்சுக்கு நேராக நின்றன, ரசத்துக்கு முன்பே கால் மரத்துவிட்டது, இலையை மடித்துவிட்டு எழப் பார்த்தால் முடியவில்லை. மோர் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு பையன் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். வீட்டுக்கு வந்தால் 68 வயது அம்மா அடுக்களையில் குத்தவைத்து உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறார். தினமும் ஸ்ட்ரெட்ச்சிங் செய்தால் போதுமா, யோகாவா ஜிம்மா, ‘நேச்சுரல் மூவ்மென்ட்’ என்று பணம் வாங்கிக்கொண்டு நடத்தும் ஆன்லைன் வகுப்பில் சேரலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, ‘இது வயசா, இல்லை பழக்கமா?’ என்று, அதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அதற்குள் அடக்கம்.

நான் பிசியோதெரபிஸ்ட். திருச்சிப் பக்கம் இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. ஒரு நாளில் பாதி நேரம் முட்டி, மீதி நேரம் தோள்பட்டையும் இடுப்பும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் முக்கால்வாசி பழக்கம்தான். 41 வயதில் தரையிலிருந்து எழ முடியாமல் போவதற்கு வயதின் மேல் பழி போட முடியாது. ஆனால் உங்கள் முட்டியை நான் தொட்டுப் பார்க்கவில்லை. உள்ளே பழைய ஜவ்வுக் காயம் இருக்கிறதா, இடுப்பு மூட்டின் அமைப்பு எப்படி, சர்க்கரை இருக்கிறதா என்பதெல்லாம் எழுத்தில் தெரியாது. அதனால் எது உறுதி, எது என் அனுபவம், எது இன்னும் இழுபறி என்று அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன்.

பழக்கம் என்று ஏன் அடித்துச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு காட்சி. சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரிப் பையன் வந்தான். பைக்கிலிருந்து விழுந்து முட்டிக்குக் கீழே எலும்பு முறிந்து, தொடை வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்த மறுநாள் என்னிடம் அனுப்பினார்கள். வயது 19. அந்த முட்டி முப்பது டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. கட்டுக்குள் இருந்த கெண்டைக்கால் சதை சூம்பி, தோல் சாம்பல் பூத்துக் கிடந்தது. “சார், இது என் கால் மாதிரியே இல்லை” என்றான். கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, காலைத் தொங்கப்போட்டு, நல்ல காலை மேலே வைத்து அதைத் தள்ளித் தள்ளி மடக்கச் சொன்னேன். மூன்று மாதத்தில் சம்மணம் போட்டான். 19 வயது மூட்டை ஆறு வாரத்தில் கட்டையாக்க முடியும் என்றால், அங்கே வயதுக்கு என்ன வேலை?

இதன் உள்விவரமும் ஓரளவு தெரிந்ததுதான். 1972இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பூனைகளின் கெண்டைக்கால் தசையைச் சுருங்கிய நிலையில் வைத்துக் கட்டுப் போட்டார்கள். தசை இழைகள் சின்னச் சின்னக் கண்ணிகள் கோத்த சங்கிலி போன்றவை. கட்டுப் போட்ட தசையில் அந்தக் கண்ணிகளில் ஏறக்குறைய 40 சதவீதம் காணாமல் போயின. கட்டைப் பிரித்ததும் சில வாரங்களில் திரும்ப முளைத்தன. உடம்பு சிக்கனக்காரன். கேட்காததை வைத்துப் பராமரிக்காது, கேட்டால் மறுபடி கட்டிக்கொடுக்கும். நாற்காலி ஒரு தளர்வான மாவுக்கட்டு என்று என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வேன். இது கொஞ்சம் மிகைதான், ஒத்துக்கொள்கிறேன். நாற்காலியில் உட்காருகிறவர் நடுநடுவே எழுந்து நடக்கத்தானே செய்கிறார். ஆனாலும் கணக்கைப் பாருங்கள். நாற்காலியில் இடுப்பு 90 டிகிரி, முட்டி 90 டிகிரி, கணுக்கால் நேராக. சாப்பாட்டு மேசையில் அதே. காரில் ஏறக்குறைய அதே. வெஸ்டர்ன் டாய்லெட்டிலும் அதே. குத்தவைத்து முழுதாக உட்காரும்போது முட்டி 150 டிகிரி அளவுக்கு மடங்குகிறது, இடுப்பு நன்றாக மடிகிறது, கணுக்கால் 30 டிகிரிக்கும் மேலே முன்னால் சாய்கிறது. காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை உங்கள் மூட்டுகள் பாதி மடங்கியதோடு நின்றுவிடுகின்றன. முழுதாக மடங்கும் ஓரத்துக்குப் போவதே இல்லை. குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவம் அழுத்தத்தில் பிழியப்பட்டும் உறிஞ்சப்பட்டும்தான் அதற்கு ஊட்டம் போகிறது. ஆக மூட்டு அசைந்தாக வேண்டும் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

உங்கள் அம்மா வளர்ந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். காலையில் வாசலில் குனிந்து கோலம், கொல்லையில் குத்தவைத்துப் பாத்திரம், அம்மியில் முன்னும் பின்னும் ஆடி அரைப்பது, ஒரு காலை மடித்து அருவாமனையில் காய் நறுக்குவது, கிணற்றில் கை மாற்றி மாற்றி இறைப்பது, கொடியில் எட்டித் துணி போடுவது. இதில் எதற்கும் உடற்பயிற்சி என்று பெயர் கிடையாது. இந்தப் பழக்கம் எலும்பிலேயே தடம் பதிக்கும் என்பது ஆச்சரியமான விஷயம். லாகூரில் உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்த ஹேவ்லாக் சார்லஸ் 1893இல் பஞ்சாபியரின் கால் எலும்புகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். கீழ்க்கால் எலும்பின் முன் விளிம்பிலும், அதற்கு அடியில் உள்ள கணுக்கால் எலும்பின் கழுத்திலும், ஒன்றோடொன்று உரசும் இடத்தில் வழவழப்பான சின்ன முகப்புகள் இருப்பதைக் குறித்தார். குத்தவைத்து உட்காரும்போது இரண்டு எலும்பும் முட்டிக்கொள்ளும் இடம் அது. நாற்காலியில் வளர்ந்த ஐரோப்பியர்களிடம் அது அபூர்வம். இன்றைக்கும் அகழாய்வில் எலும்பு கிடைத்தால், அந்த ஆள் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று ஊகிக்க இந்த முகப்பைத் தேடிப் பார்க்கிறார்கள். உங்கள் அம்மாவின் கணுக்காலில் அது இருக்கலாம். உங்கள் மகனிடம் இருக்குமா என்பது அவன் எங்கே உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதுகிறான் என்பதைப் பொறுத்தது.

சரி, அப்படியானால் ‘அந்தக் காலத்தில் எல்லோரும் ஆரோக்கியம்’ என்று பாட ஆரம்பித்துவிட வேண்டாம். இந்தப் பாட்டு வாட்ஸ்அப்பில் போதுமான அளவு ஓடுகிறது. உங்கள் அம்மா குத்தவைக்கிறார், கண்ணுக்குத் தெரிகிறார். அதே தெருவில் அதே வேலை செய்து, முட்டி தேய்ந்து, கால் வில்லாக வளைந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அவர் வயதுப் பெண்கள் உங்கள் கணக்கில் வருவதில்லை. என் கணக்கில் தினமும் வருகிறார்கள். பெய்ஜிங்கில் முதியவர்களிடம் நடத்தி 2004இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், இளமையில் நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் குத்தவைத்து வேலை செய்தவர்களிடம் முட்டித் தேய்மானம், அரை மணிக்கும் குறைவாக உட்கார்ந்தவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம் இருந்தது. அதே சமயம் அந்த ஊர்க்காரர்களிடம் இடுப்பு மூட்டுத் தேய்மானம் அமெரிக்க வெள்ளையர்களைவிட மிக மிகக் குறைவு. இடுப்பு பிழைத்ததற்கு உட்காரும் பழக்கம்தான் காரணமா, பிறவி அமைப்பா என்பது தீராத வழக்கு. நாற்று நடவு, களையெடுப்புக் காலத்தில் பாதம் தொங்கிப்போய் வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். மணிக்கணக்கில் குத்தவைக்கும்போது முட்டிக்கு வெளிப்பக்கம் எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு நசுங்கிவிடும். செருப்பு நழுவி நழுவிக் கழன்றுவிடும், அதுதான் முதல் அறிகுறி. ஆக இங்கே எல்லாமே அளவில்தான் இருக்கிறது. உங்களுக்கு அளவு பூஜ்ஜியம். அந்தக் களையெடுக்கிற அம்மாவுக்கு ஆறு மணி நேரம்.

ஸ்ட்ரெட்ச்சிங் பற்றி. நிறையப் பேர் நினைப்பது போல அது தசையை ரப்பர் மாதிரி இழுத்து நீளமாக்குவதில்லை. சில வாரப் பயிற்சியில் நமக்குக் கிடைக்கிற கூடுதல் வளைவில் பெரும்பங்கு, நரம்பு மண்டலம் கொடுக்கும் அனுமதி. முன்பு ‘போதும், நிறுத்து’ என்று கத்திய இடத்தில் இப்போது கத்துவதில்லை, அவ்வளவுதான். மாதக்கணக்கில் செய்தால் தசையும் மாறுகிறதா, எவ்வளவு மாறுகிறது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். உடற்பயிற்சிக்கு முன்போ பின்போ ஸ்ட்ரெட்ச் செய்தால் மறுநாள் வலி வராது என்பதும் பொய்த்துப்போன நம்பிக்கை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் பேருக்குத்தான் வித்தியாசம். அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. அனுமதி கிடைத்த இடத்தில் பலமும் வேண்டும் என்கிறேன். முழுதாக மடங்கிய நிலையிலிருந்து உங்கள் எடையைத் தூக்கித் தொடை எழ வேண்டும். பலம் இல்லாத வளைவை உடம்பு நம்பாது. இரண்டு நாளில் பழைய இடத்துக்குப் போய்விடும். நம் ஊர் தேகப்பயிற்சிக் கூடங்களில் பஸ்கி என்றும் தண்டால் என்றும் செய்ததில் வளைவும் பலமும் ஒன்றாகவே இருந்தன. பள்ளியில் தண்டனையாகக் கொடுத்த தோப்புக்கரணமும் அந்த வகைதான். தண்டனை என்ற பெயர்தான் அதைக் கெடுத்தது.

நீங்கள் சேர நினைக்கும் வகுப்பின் விளம்பரத்தைப் பார்த்தேன். இயற்கையான அசைவு என்ற யோசனை ஒன்றும் புதிதில்லை, நூறு வருடத்துக்கு மேல் பழசு. ஜார்ஜ் எபேர் என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி முதல் உலகப் போருக்கு முன்பே இதை ஒரு முறையாக வகுத்தார்: நடப்பது, ஓடுவது, தாவுவது, நாலு காலில் போவது, ஏறுவது, சமநிலை, தூக்குவது, எறிவது, தற்காப்பு, நீச்சல். பட்டியலைப் பார்த்தால் கிராமத்தில் பத்து வயதுப் பையன் சாயங்காலம் செய்வதுதான். இதில் தப்பு எதுவும் இல்லை. நல்ல ஆசிரியர் கிடைத்து, உங்களுக்குப் பிடித்துப்போனால் சேருங்கள். தினமும் செய்ய வைப்பது எதுவோ அதுவே உங்களுக்கு நல்லது. ஆனால் அந்த விளம்பரத்தில் நச்சு வெளியேறும், உறைந்த உணர்ச்சிகள் கரையும் என்றெல்லாம் இருக்கிறது. அதற்கு ஆதாரம் கிடையாது. ‘ஆதி மனிதன் உட்காரவே இல்லை’ என்ற வரியும் தவறு. தான்சானியாவில் இன்னும் வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழும் ஹட்சா மக்களின் தொடையில் கருவி கட்டி அளந்தார்கள். 2020இல் முடிவு வந்தது. அவர்களும் ஒரு நாளில் ஏறக்குறைய பத்து மணி நேரம் சும்மாதான் இருக்கிறார்கள். ஆனால் அதில் பெரும்பகுதி தரையிலும், குத்தவைத்தும், மண்டியிட்டும். அந்த நிலைகளில் கால் தசை லேசாக வேலை செய்துகொண்டே இருக்கிறது. நாற்காலியில் அது தூங்கிவிடுகிறது. ஓய்வு எடுக்கிற விதத்தில்கூட ஒரு வித்தியாசம் இருக்கலாம் என்பது எனக்குப் பிடித்த கருத்து. அதுவே நோய் வராமல் காக்கிறது என்று நிரூபணம் ஆகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பந்தியில் நடந்ததைப் படித்துவிட்டு உங்கள் நண்பர் பயமுறுத்தினாரே, தரையிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாதவர்கள் சீக்கிரம் இறந்துவிடுவார்கள் என்று. அது ஒரு உண்மையான ஆய்வின் திரிந்த வடிவம். பிரேசிலில் கிளாடியோ ஜில் அராவுஜோ என்ற மருத்துவரின் குழு 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லி மதிப்பெண் போட்டது. உட்கார 5, எழ 5. கையோ முட்டியோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒன்று குறையும், தள்ளாடினால் அரை. ஆறு வருடம் போல் தொடர்ந்து கவனித்ததில் 159 பேர் இறந்தார்கள். மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களிடம் இறப்பு பல மடங்கு அதிகம். 2012இல் வந்த கட்டுரை. ஆனால் அந்த மதிப்பெண்ணில் தசை, உடல் எடை, சமநிலை, ஏற்கெனவே உள்ள நோய் எல்லாமே கலந்திருக்கின்றன. அது ஒரு தெர்மாமீட்டர். தெர்மாமீட்டரை ஐஸில் வைத்தால் காய்ச்சல் இறங்காது. தவிர, அதில் 41 வயதுக்காரர் ஒருவரும் இல்லை.

இனி என்ன செய்வது. முதலில் எது உங்களைத் தடுக்கிறது என்று கண்டுபிடியுங்கள். சுவரைப் பார்த்து வெறுங்காலில் நில்லுங்கள். ஒரு பாதத்தைச் சுவரிலிருந்து ஏறக்குறைய 10 செ.மீ. தள்ளி வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முட்டியால் சுவரைத் தொடப் பாருங்கள். எளிதாகத் தொட்டால் கணுக்கால் பரவாயில்லை. பாதி தூரத்திலேயே குதிகால் எழும்பினால் அங்கேதான் முடிச்சு. இன்னொரு சோதனை: குதிகால்களின் அடியில் தடியான புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு குத்தவைத்துப் பாருங்கள். சட்டென்று முடிகிறது என்றால் சந்தேகமே இல்லை, கணுக்கால்தான். அப்போதும் முடியாவிட்டால் இடுப்பு, தொடை பலம், அல்லது வயிறு. தொப்பை தொடையில் இடிப்பதை யாரும் வெளியே சொல்வதில்லை. பாதிப் பேருக்கு அதுவும் ஒரு காரணம். சிலருக்கு இடுப்புக் கிண்ணம் பிறவியிலேயே ஆழமாகவோ வேறு கோணத்திலோ இருக்கும். எலும்பில் எலும்பு இடித்தால் எந்தப் பயிற்சியும் அதைத் தாண்டாது. அவர்கள் கால்களை அகட்டி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி உட்கார்ந்தால் ஓரளவு இறங்கலாம். அதற்கு மேல் போராட வேண்டாம்.

குத்தவைத்துப் பழக, எங்கள் இடத்தில் நான் பயன்படுத்தும் கருவி ஜன்னல் கம்பிதான். இரண்டு கையாலும் இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு, பின்னால் சாய்ந்தபடி மெல்ல இறங்குங்கள். கம்பி உங்கள் எடையைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், பின்னால் விழும் பயம் போய்விடும். முடிந்த ஆழத்தில் பத்து மூச்சு இருங்கள். காலையில் மூன்று தடவை, மாலையில் மூன்று தடவை. ஏறும்போது கையால் இழுக்காமல் குதிகாலால் தரையை அழுத்தி எழுங்கள். இரண்டாவது வாரத்திலிருந்து கையின் பிடியைத் தளர்த்திக்கொண்டே வாருங்கள். சம்மணத்துக்கு வேறு வழி. பந்தியில் உங்கள் முட்டி மேலே நின்றதற்குக் காரணம் முட்டி இல்லை. இடுப்பு வெளிப்பக்கம் திரும்பவில்லை, அதனால் இடுப்பெலும்பு பின்னால் சரிந்து, முதுகு கூன் போட்டது. மனைப்பலகை மேல் ஒரு தலையணை போட்டு உட்காருங்கள். பிட்டம் முட்டியைவிட உயர்ந்ததும் முதுகு தானாக நிமிரும், முட்டி தானாக இறங்கும். பத்து நாளுக்கு ஒருமுறை உயரத்தைக் குறையுங்கள். ஒரே நிலையில் தவம் இருக்க வேண்டியதில்லை. சம்மணம், ஒரு கால் நீட்டி, இரண்டு காலையும் ஒரு பக்கம் மடித்து, சுவரில் சாய்ந்து என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாற்றும்போது நடக்கிற அசைவுதான் இங்கே பயிற்சியே. எழும்போது ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு முட்டியை ஊன்றி, மற்றப் பாதத்தை முன்னால் வைத்து எழுந்து பழகுங்கள். கை ஊன்றினால் அவமானம் ஒன்றுமில்லை.

எவ்வளவு நேரம் என்று கேட்டீர்கள். தனியாக நேரம் ஒதுக்கச் சொன்னால் பத்துப் பேரில் எட்டுப் பேர் மூன்றாவது வாரம் நிறுத்திவிடுகிறார்கள், இது என் அனுபவம். அதனால் ஏற்கெனவே நடக்கிற காரியத்தில் ஒட்டவைக்கச் சொல்கிறேன்: இரவுச் சாப்பாடு தரையில், டிவி பார்ப்பது தரையில், செய்தித்தாள் தரையில் விரித்து. எல்லாம் சேர்த்து ஒரு நாளில் அரை மணி வந்தால் தாராளம். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை வாங்கி மூன்று வருடத்தில் எனக்கே சம்மணம் கசந்துபோனது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற ஆளுக்கு. இப்போது அந்த மேசை மேல் இஸ்திரி போட வேண்டிய துணிதான் உட்கார்ந்திருக்கிறது. உங்களைப் போன்றவர்களுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் நல்ல மாற்றம் தெரிவதைப் பார்த்திருக்கிறேன். சிலருக்கு ஆறு மாதம் ஆகும்.

காலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், தோள்பட்டையை மறந்துவிட்டோம். இன்றைய வாழ்க்கையில் கை தலைக்கு மேலே போகும் வேலை எது சொல்லுங்கள்? துணியை மெஷின் காயவைக்கிறது, பரணில் எதுவும் இல்லை, கிணறு இல்லை. தோள் இறுகிப்போய் வருகிறவர்கள் சொல்லும் முதல் குறை, பெண்களானால் “பின்னல் போட முடியல”, ஆண்களானால் “பின்பாக்கெட்டில் பர்ஸ் எடுக்க முடியல.” இதில் சர்க்கரைக்கு நேரடிப் பங்கு உண்டு என்பது உறுதியான செய்தி. ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகும். வணக்கம் சொல்வது போல இரண்டு கையையும் சேர்த்துப் பாருங்கள். விரல்களும் உள்ளங்கையும் இடைவெளி இல்லாமல் ஒட்டவில்லை என்றால் ஒரு சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. உங்கள் வயதில், உங்கள் வேலையில், அதை எப்படியும் செய்திருக்க வேண்டும். தோளுக்கு நான் சொல்வது: கதவு நிலையின் மேல் சட்டத்தையோ, பூங்காவில் இருக்கும் கம்பியையோ பிடித்து, பாதம் தரையில் இருக்கும்போதே உடம்பைத் தளரவிட்டுப் பத்து விநாடி தொங்குங்கள். ஏற்கெனவே தோளில் வலியோ, விலகிய வரலாறோ இருந்தால் வேண்டாம்.

யோகாவா ஜிம்மா என்பதற்கு என் பதில் சலிப்பூட்டும். யோகாவில் வளைவு கிடைக்கும், மூச்சு நிதானப்படும், ஆனால் எதையும் இழுக்கிற வேலையும் எடை தூக்குகிற வேலையும் குறைவு. ஜிம்மில் அதற்கு நேர்மாறு. எது வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அதில் சேருங்கள். ஆனால் வளைவு வேறு, ஆரோக்கியம் வேறு என்பதை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். காலைத் தலைக்குப் பின்னால் வைக்கத் தெரிந்தவருக்கும் மாரடைப்பு வரும். பிறவியிலேயே மூட்டுகள் அளவுக்கு மீறி வளைகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அதுவே தொல்லை. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் ஆதாரம் பலமாக இருப்பது நடைக்கும் பொதுவான அசைவுக்கும்தான். 1953இல் ஜெரமி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் லண்டன் மாடி பஸ்களை வைத்துக் காட்டினார்: நாள் முழுக்கப் படி ஏறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு இதய நோய் அதிகம். பிறகு அவரே சீருடைக் கணக்கைப் பார்த்தபோது, இளம் டிரைவர்களுக்கே கால்சட்டை இடுப்பளவு பெரிதாக இருந்தது. அதாவது கொஞ்சம் பருத்தவர்களே டிரைவர் வேலைக்குப் போனார்களோ என்ற சந்தேகமும் கூடவே வந்தது. நல்ல ஆய்வாளர் தன் முடிவையே இப்படித்தான் சோதிப்பார். அதற்குப் பின் வந்த எத்தனையோ ஆய்வுகள் அடிப்படையான விஷயத்தை உறுதி செய்துவிட்டன. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மூச்சு கொஞ்சம் வாங்கும்படியான நடை, கூடவே வாரம் இரண்டு நாள் தசைக்குப் பலம் தரும் பயிற்சி. நம் நாட்டில் தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் எடுத்து 2014இல் வெளியான ஆய்வில் பாதிக்கு மேற்பட்டவர்கள் போதிய அசைவு இல்லாதவர்கள். நீங்கள் சிறுபான்மை இல்லை.

அலுவலகத்துக்கு ஒரே ஒரு யோசனை. ஆஸ்திரேலியாவில் 2012இல் செய்த பரிசோதனையில், 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் நடந்தவர்களுக்கு, தொடர்ந்து உட்கார்ந்திருந்தபோது இருந்ததைவிட, உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை கணிசமாகக் குறைந்தது. 20 நிமிடம் உங்கள் மேனேஜருக்கு ஒத்துவராது. மணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் பிடித்து வாருங்கள், போனில் பேசும்போது நடங்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம். ‘நிமிர்ந்து உட்கார்’ என்பதைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். ஒரு குறிப்பிட்ட உட்காரும் விதம்தான் முதுகுவலி தருகிறது என்பதற்குச் சான்று பலவீனம். ஒரே விதத்தில் நெடுநேரம் இருப்பதுதான் பெரும்பாலும் கடுக்கிறது.

செருப்பில்லாமல் நடப்பது பற்றி அந்த வகுப்பில் ஒரு பாடமே இருக்கிறது போல. குழந்தைகள் விஷயத்தில் ஓரளவு நியாயம் உண்டு. கர்நாடகத்தில் மருத்துவர்கள் 2,300 குழந்தைகளின் பாதத் தடத்தைப் பார்த்து 1992இல் எழுதியதில், செருப்பு அணிந்து வளர்ந்தவர்களிடம் தட்டைப்பாதம் 8.6 சதவீதம், வெறுங்காலில் வளர்ந்தவர்களிடம் 2.8 சதவீதம். பெரியவர்களுக்கு அதை அப்படியே நீட்ட முடியாது. உங்கள் அம்மாவுக்கோ உங்களுக்கோ சர்க்கரை இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், வெறுங்கால் நடை வேண்டவே வேண்டாம். சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றி வந்து, கொப்புளம் வந்ததே தெரியாமல் மறுநாள் காலுறையில் ஈரத்தைப் பார்த்துவிட்டு வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் புண் ஆற நான்கு மாதம் ஆனது.

எப்போது நிறுத்திவிட்டு நேரில் போய்க் காட்ட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முட்டி வீங்கினால், மடங்கும்போது பூட்டிக்கொண்டால், ராத்திரி தூக்கத்தில் வலி எழுப்பினால், கால் மரப்பு எழுந்து நடந்த சில நிமிடத்தில் போகாமல் தங்கினால், பாதத்தைத் தூக்க பலம் குறைந்தால் காத்திருக்க வேண்டாம். இழுக்கிற மாதிரி ஒரு அசௌகரியம் பரவாயில்லை. மூட்டுக்குள் குத்துகிற வலி சரியில்லை. அம்மாவுக்கு வருங்காலத்தில் முட்டி மாற்று அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தால், குத்தவைக்கலாமா என்பதை அறுவை செய்த மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும், இதைப் படித்துவிட்டு முடிவு செய்ய வேண்டாம். இன்றைக்கு வலி இல்லாமல் குத்தவைக்கிறார் என்றால், ‘வயசாச்சு, நாற்காலியில் உட்காரும்மா’ என்று தடுக்காதீர்கள்.

சுவர்ச் சோதனையை இரண்டு காலுக்கும் செய்து, எத்தனை செ.மீ. என்று இங்கேயே எழுதுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், கல்லூரி நாளில் கணுக்கால் சுளுக்கி நாலு நாளில் தானே சரியாகிவிட்டது என்று விட்ட கதை ஏதாவது இருக்கிறதா என்பதையும் யோசித்துச் சொல்லுங்கள். இருந்தால் பயிற்சியைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும்.